எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: காப்பீட்டு ஒப்புதல் எங்கே தடைபடுகிறது?

கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும் வாழும் எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் அது கோயம்புத்தூர். குமுளிக்கும் வண்டன்மேட்டிற்கும் தேனியும் மதுரையும் பக்கம். மறையூர்க்காரர்கள் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கிக் கோவையை அடைகிறார்கள். மூணாற்றிலிருந்து கொச்சிக்குச் செல்வோரும் உண்டு. பிரசவம், எலும்பு முறிவு, இதய நோய் என்று எதற்காகச் சென்றாலும் காப்பீட்டு அட்டையை நீட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் எங்கள் கிளைகளுக்கு வரும் கேள்விகளுள் ஒன்று மட்டும் அப்படி எளிதில் முடிவதில்லை: உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா?

தரும் என்று ஒருவர் சொல்கிறார். தராது என்று மறுப்புக் கடிதம் சொல்கிறது. இருவரும் ஒரே விதியை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த விதியை அதன் சொற்களோடு அறிந்துகொள்ளாமல் மருத்துவமனையில் சேர நாள் குறிப்பது, பத்திரத்தைப் படிக்காமல் நிலத்திற்கு முன்பணம் கொடுப்பதை ஒத்தது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். இடுப்பிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு. நாம் பேசும் அறுவைச் சிகிச்சை வேறு. முன்னது உருவத்தைத் திருத்தும் அழகுச் சிகிச்சை. அதற்கு எந்த மருத்துவக் காப்பீடும் பொதுவாகப் பணம் தராது. பின்னது இரைப்பையின் அளவையோ உணவு செல்லும் பாதையையோ மாற்றுவது. இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழல்போல் ஆக்குவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைப்பது 'பைபாஸ்' முறை. இரண்டும் இன்று பெரும்பாலும் நுண்துளை வழியாகவே செய்யப்படுகின்றன. பசி குறைவதோடு சர்க்கரை நோயும் பலருக்குக் கட்டுக்குள் வருவதால், மருத்துவ உலகம் இவற்றை வளர்சிதை மாற்றத்திற்கான சிகிச்சை என்றும் அழைக்கிறது.

இதன் தேவை சிலருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடவும் இயலாது. 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 40.4 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். இந்திய அளவில் இது 24 விழுக்காடு. எல்லையின் இரு புறமும் நாட்டுச் சராசரியை வெகுவாகத் தாண்டி நிற்கின்றன. இவர்களுள் அறுவைச் சிகிச்சை வரை செல்ல வேண்டியவர்கள் சிறு பகுதியினரே. எனினும் அந்தச் சிறு பகுதியினர் காப்பீட்டு மேசையின் முன் வந்து நிற்கும்போது நிலைமை எளிதாக இருப்பதில்லை.

விதி 06 சொல்வது என்ன?

ஒரு காலத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் 'உடற்பருமன் தொடர்பான சிகிச்சைகளுக்கு இழப்பீடு இல்லை' என்ற ஒற்றை வரி பரவலாக இருந்தது. எந்தப் பருமன், எந்தச் சிகிச்சை என்ற விளக்கம் இராது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2019 செப்டம்பரில் விலக்குகளைத் தரப்படுத்தும் நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் விலக்கு எழுத இயலாமற் போயிற்று. பொதுவான விலக்குகளுக்கு எண்களும் ஒரே சொற்றொடர்களும் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஆறாம் எண்ணுடையது உடற்பருமன் பற்றியது. உங்கள் பாலிசி ஆவணத்தின் விலக்குப் பகுதியைப் புரட்டினால் இந்த எண்ணைக் காணலாம்.

அதன் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். அது 'இன்னின்னவர்க்குப் பணம் உண்டு' என்று சொல்லவில்லை. 'கீழ்க்காணும் நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்யாத அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லை' என்கிறது. 'அனைத்தையும்' என்பதே இங்கு உயிரான சொல். அறுவைச் சிகிச்சை மருத்துவரின் அறிவுரைப்படி நிகழ வேண்டும். மருத்துவ நெறிமுறைகளின் ஆதரவு அதற்கு இருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவருடைய உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40-ஐ எட்டாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், அறுவை அல்லாத எளிய முறைகளால் எடை குறையாமற் போயிருக்க வேண்டும். அத்துடன் நான்கு கடுமையான இணை நோய்களுள் ஒன்றாவது இருக்க வேண்டும். பருமனால் ஏற்பட்ட இதயத் தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவையே அந்த நான்கு.

இங்கே இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்மானம் இல்லை. உயர் இரத்த அழுத்தம் இல்லை. கொழுப்புக் கல்லீரல் இல்லை. சினைப்பை நீர்க்கட்டி இல்லை. சரிவான தேயிலைக் காட்டில் ஏறி இறங்கிப் பல்லாண்டு உழைத்து, முழங்கால் தேய்ந்து, எடையைக் குறைத்தாலன்றி மூட்டு மாற்றுச் சிகிச்சை இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 37 உடைய அவருக்கு, மூட்டு வலி என்ற காரணத்தின் பேரில் மட்டும் இவ்விதியின் கீழ் ஒப்புதல் கிடைக்காது. விண்ணப்பத்தில் அந்தக் காரணத்தை மட்டுமே மருத்துவர் எழுதியிருந்தால் மறுப்பு ஏறத்தாழ உறுதி. அதே பெண்ணுக்குக் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் இருந்து, அது எழுதப்படாமல் விடுபட்டிருந்தால், அந்த மறுப்பு வீணான மறுப்பு. நோய் இருப்பது ஒன்று, தாளில் இருப்பது மற்றொன்று. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவது தாளில் உள்ளது மட்டுமே.

ஒரு சென்டிமீட்டர்

பி.எம்.ஐ. கணக்கு மிக எளியது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இருமுறை பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். பெல்ஜிய நாட்டு அறிஞர் அடோல்ஃப் கெட்டலே 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் தொகையின் சராசரியை ஆராய்வதற்கு உருவாக்கிய வகுத்தல் இது. தனியொருவரின் நலத்தை அளப்பது அவர் நோக்கமன்று. இன்று ஒரு குடும்பத்தின் சில இலட்சம் ரூபாயை இந்த எண் தீர்மானிக்கிறது.

155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 84.5 கிலோ எடை உடையவர் என்று கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. 35.17. உயரம் அளந்த செவிலியர் காலணியைக் கழற்றச் சொல்லாமல் 156 என்று குறித்துவிட்டால் அது 34.72 ஆகிவிடும். இணை நோய் எத்தனை இருந்தாலும் 35-க்குக் கீழே வந்தவர் விதிக்கு வெளியே நிற்கிறார். ஆகவே எடையும் உயரமும் மருத்துவமனையில் வெறுங்காலுடன் அளக்கப்பட்டு, தேதியுடனும் கையொப்பத்துடனும் பதிவாவது அவசியம். கோவை மருத்துவமனையின் குறிப்பில் ஒரு உயரமும், ஊரில் உள்ள மருத்துவரின் சீட்டில் வேறொரு உயரமும் இருந்தால், விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதற்கு அதுவே போதும்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருங்கச் செய்ய இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவை மருத்துவர்கள் பரிந்துரைப்பது வழக்கம். அதனைக் கட்டுப்பாட்டோடு கடைப்பிடித்தவருக்குச் சில கிலோ குறைந்துவிடும். சேரும் நாளில் எடுத்த எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் 40-க்கோ 35-க்கோ கீழே வந்திருக்கலாம். எந்த நாளின் எடையைக் கணக்கில் கொள்வது என்று விதி சொல்லவில்லை. எனவே அந்த உணவைத் தொடங்கும் முன்பே எடையைப் பதிந்து, 'அறுவைக்கான ஆயத்தமாக என் அறிவுரையின் பேரில் எடை குறைந்தது' என்று அறுவை மருத்துவரே தம் கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது. சொன்னதைக் கேட்டு நடந்த நோயாளி அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது.

40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991-இல் கூட்டிய நிபுணர் மாநாட்டின் முடிவில் இவை இடம்பெற்றன. அதன் பின் மருத்துவம் நகர்ந்துவிட்டது. குறைந்த எடையிலேயே இந்தியர்களைச் சர்க்கரையும் இதய நோயும் தாக்குகின்றன என்பதால், 2009-இல் வெளியான இந்திய நிபுணர்களின் பொதுக் கருத்து, இணை நோய் இல்லாதவர்க்கு 37.5, உள்ளவர்க்கு 32.5 என்று அளவைக் குறைத்தது. 2022-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தம் அளவுகளை மேலும் குறைத்தன, ஆசியர்களுக்கு 27.5 முதலே சிகிச்சையைக் கருதலாம் என்றன. முன் சொன்ன 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 40 என்பது 96 கிலோ, 37.5 என்பது 90 கிலோ. மருத்துவர் 'அறுவை செய்யலாம்' என்பதற்கும் காப்பீட்டு நிறுவனம் 'பணம் தரலாம்' என்பதற்கும் இடையில் ஆறு கிலோ நிற்கிறது. மருத்துவர் பொய் சொல்லவில்லை. நிறுவனமும் விதியை மீறவில்லை. இந்த இடைவெளி குறைக்கப்பட வேண்டியது என்பதே எங்கள் கருத்து. அதுவரை பாலிசியில் அச்சாகியிருக்கும் எண்ணே செல்லுபடியாகும்.

முயன்று பார்த்ததற்குச் சான்று

35-க்கும் 40-க்கும் இடைப்பட்டவர்கள் பலர் தடுக்கி விழும் இடம், 'எளிய முறைகளால் பயனில்லை' என்ற நிபந்தனை. நடைப்பயிற்சி செய்தோம், சோற்றைக் குறைத்தோம், கஞ்சி குடித்தோம், நாட்டு மருந்தும் பார்த்தோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எதுவும் எழுத்தில் இல்லை. தோட்ட மருத்துவமனையில் காட்டிய சீட்டு மழையில் நனைந்துபோயிற்று. ஆரம்ப சுகாதார மையத்தின் சீட்டு அடுத்த முறை புதிதாக எழுதப்பட்டது. உணவியல் வல்லுநரை ஒரு முறை பார்த்துவிட்டு வந்ததோடு சரி.

இத்தனை மாதம் முயன்றிருக்க வேண்டும் என்று தரப்படுத்தப்பட்ட விதியில் எண் எதுவும் இல்லை. எனினும் ஆறு மாதத்திற்குக் குறையாமல், மாதம் ஒருமுறையேனும் ஒரே மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ எடை பார்த்துக் குறிப்பெழுதிய தாள்கள் இருந்தால், மதிப்பீடு செய்பவருக்கு மறுக்கக் காரணம் குறைகிறது. அறுவை வேண்டுமா என்று எண்ணத் தொடங்கிய நாளிலேயே ஒரு கோப்பைத் தொடங்கிவிடுங்கள். அந்த ஆறு மாதத்தில் எடை குறைந்துவிட்டால் அதைவிட நன்று. அறுவைக்குரிய இடர்களே வேண்டாம் அல்லவா?

இணை நோய்க்கான சான்றும் இவ்வாறே. உறக்க மூச்சுத்தடையைப் பொறுத்தவரை விதி கேட்பது 'கடுமையான' நிலை. இரவு முழுதும் கருவி பொருத்திச் செய்யும் உறக்கப் பரிசோதனையில், மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுத் தடைபடுவதைக் கடுமையானது என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. குறட்டை விடுகிறார் என்று வீட்டார் சொல்வது சான்றாகாது. அறுவைக்கு முந்தைய 30 அல்லது 60 நாள்களின் செலவைத் தரும் பாலிசியாக இருந்தால், இப்பரிசோதனையை அந்த நாள்களுக்குள் செய்வது பணத்தளவில் இலாபம்.

சர்க்கரை நோயில் ஒரு விந்தை உண்டு. விதி 'கட்டுக்கடங்காத' என்கிறது. நான்கு மாத்திரையும் இரு வேளை இன்சுலினும் எடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், தாளின்படி 'கட்டுக்குள் உள்ளவர்' ஆகிவிடுகிறார். ஆகவே கடைசி ஒரு பரிசோதனையை மட்டும் இணைப்பது போதாது. ஓராண்டுக்கான மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முடிவுகளையும், மருந்தின் அளவு எவ்வாறு கூடிக்கொண்டே வந்தது என்பதையும், அதன் பின்னும் நிலை நிற்கவில்லை என்பதையும் சர்க்கரை நோய் மருத்துவர் தனிக் கடிதத்தில் விளக்க வேண்டும். அறுவை மருத்துவரின் கடிதம் இதற்கு ஈடாகாது.

பாலிசி வாங்கும் நாளிலேயே

விதி 06-ஐ நிறைவு செய்தாலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். முன்னர் இது 48 மாதங்களாக இருந்தது. பருமன் அறுவைக்குத் தனிக் காத்திருப்பும், தனி உச்சத் தொகையும் வைக்கும் பாலிசிகளும் உண்டு. ஐந்து இலட்சம் காப்புத் தொகை என்று அட்டையில் அச்சாகியிருக்கும். இந்த ஓர் அறுவைக்கு மட்டும் அதில் பாதியே கிடைக்கும் என்பது உள்ளே சிறு எழுத்தில் இருக்கும். பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் காத்திருப்பு, விலக்கு, உச்ச வரம்பு ஆகியவை சுருக்கமாக இருக்கும். விரும்பினால் அதனை உள்ளூர் மொழியிலும் கேட்டுப் பெறலாம்.

முன்மொழிவுப் படிவத்தில் உயரம், எடை என்று இரு கட்டங்கள் உள்ளன. பிரீமியம் கூடிவிடும் என்ற அச்சத்தில் சிலர் பத்துக் கிலோ குறைத்து எழுதுகிறார்கள். சில முகவர்களே அப்படி எழுதச் சொல்வதாகவும் கேள்வி. இதனைப் போலத் தன் கையாலேயே தனக்குக் கேடு தேடிக்கொள்ளும் செயல் வேறில்லை. நாங்களும் நிறுவன முகவர் என்ற முறையில் காப்பீடு வழங்குகிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. இரண்டாண்டு கழித்து அறுவைக்கு விண்ணப்பிக்கும்போது, அன்று 78 கிலோ என்று எழுதியவர் இன்று 104 கிலோ எப்படி ஆனார் என்ற கேள்வி எழும். உண்மையை மறைத்தார் என்று முடிவானால் அறுவைக்கான பணம் மட்டுமன்றிப் பாலிசியே கைவிட்டுப் போகலாம்.

தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் செலுத்திய பின், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, உண்மையை மறைத்தார் என்று காட்டி உரிமைக் கோரிக்கையை மறுக்க இயலாது. முன்பு இது எட்டாண்டாக இருந்தது. ஆனால் இதனைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஐந்தாண்டு கடந்துவிட்டதால் விதி 06 மறைந்துவிடுவதில்லை. 33 பி.எம்.ஐ. உடையவருக்கு ஆறாம் ஆண்டிலும் இதே பதில்தான். வேறு நிறுவனத்திற்கு மாறினால் முடித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்திற்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. மிச்சப்படும் தொகையைக் கொண்டு காப்புத் தொகையை உயர்த்திக்கொள்ள எண்ணுவோர், உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எல்லையோரத்துச் சிக்கல்கள்

பெயர் முதற்கண் வருகிறது. ஆதாரில் தந்தையின் முதலெழுத்துடன் ஒரு பெயர். கேரளப் பள்ளிச் சான்றிதழில் அதே எழுத்து விரிந்து முழுப்பெயராக. பாலிசியில் கணவர் பெயர் சேர்ந்து வேறொன்றாக. மருத்துவமனைப் பதிவில் இரண்டாகப் பிரிந்து. தமிழிலிருந்து மலையாளத்திற்கும் அங்கிருந்து ஆங்கிலத்திற்கும் போய்வரும் பெயர்கள் இங்கே ஒரே உருவில் நிலைப்பதில்லை. அறுவை நாளன்று இதனைச் சரிசெய்ய இயலாது. வங்கிக் கணக்கு, பாலிசி, ஆதார் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பணம் திரும்பி வரும்போது கணக்கின் பெயர் பொருந்தாமல் நிற்பதும் இதனால்தான்.

மாநில அரசுத் திட்டங்களைப் பொறுத்தவரை குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உரியது. கம்பத்தில் அண்ணன் வீட்டிற்குக் கிடைப்பது குமுளியில் தம்பி வீட்டிற்குக் கிடைக்காது. கேரளக் குடும்பங்களுக்குக் காருண்ய ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டம், ஆண்டுக்குக் குடும்பத்திற்கு ஐந்து இலட்சம் வரை. கேரள அரசு ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் 2022 சூலை முதல் மெடிசெப் திட்டம் உண்டு. இத்திட்டங்கள் சிகிச்சைத் தொகுப்புப் பட்டியலின்படி நடப்பவை. மருத்துவமனையில் உள்ள திட்ட உதவி மேசையில், அறுவையின் பெயரைச் சொல்லி, அது பட்டியலில் உள்ளதா என்று கேட்டு அறிவதே நேர்வழி.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே மாநில அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. சித்தூர், தேவிகுளம் வட்டங்களில் உள்ளவர்கள் இதற்குப் பழகியவர்கள். காப்பீட்டு நிறுவனம் மாநில அரசு அலுவலகம் அன்று. அதற்கு அனுப்பும் கடிதத்தில் மருத்துவச் சொற்கள் பிழையின்றி இருக்க, மருத்துவரின் ஆங்கிலக் குறிப்பை அப்படியே இணைத்துவிடுவது பாதுகாப்பு.

விரும்பும் கோவை மருத்துவமனை உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 சனவரியில் 'எங்கும் பணமில்லாச் சிகிச்சை' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. முன்கூட்டித் திட்டமிட்ட சேர்க்கை என்றால் 48 மணி நேரத்திற்கு முன்பே நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பருமன் அறுவை திட்டமிட்ட அறுவையே. ஆதலால் 48 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு மூன்று வாரம் முன்பே முழுக் கோப்பையும் அனுப்பி விடை பெற்ற பிறகே நாள் குறிப்பது அறிவுடைமை.

மறுப்புக் கடிதம் வந்தால்

ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திற்குள் தர வேண்டும். உரிமைக் கோரிக்கையை மறுப்பதாயின் நிறுவனத்தின் மறு ஆய்வுக் குழு அதற்கு ஒப்ப வேண்டும். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறோம் என்பதைக் குறிப்பிட வேண்டும். 'பாலிசி விதிகளின்படி ஏற்பதற்கில்லை' என்று மட்டும் வந்தால், எந்த விதி, எந்த நிபந்தனை என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒற்றைக் கேள்விக்கு வரும் பதில்தான் மேல்முறையீட்டின் அடித்தளம்.

பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் மறுக்கப்படுவதும் உரிமைக் கோரிக்கையே மறுக்கப்படுவதும் ஒன்றல்ல. தாள் குறைவு, நேரக் குறைவு ஆகியவற்றால் முன் ஒப்புதல் மறுக்கப்பட்டிருந்தால், நாமே செலுத்திப் பின்னர் ஈடு கோரலாம். ஆனால் காரணம் பி.எம்.ஐ. 35-க்குக் கீழ் என்பதாயின், செலுத்திவிட்டுக் கோரினாலும் பதில் மாறப்போவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் நகையை அடகு வைக்க விரைபவர்களை நாங்கள் காண்கிறோம். மூன்று இலட்சம் நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,250 ரூபாய். ஈடு ஒருநாள் வந்துவிடும் என்றால் அந்த வட்டியைத் தாங்கலாம். வராத பணத்தை எதிர்பார்த்து வாங்கும் கடன் வேறு வகையானது. கடன் கொடுப்பது எங்கள் தொழில்தான். எனினும் மறுப்புக் கடிதத்தைப் படித்துக் காட்டாமல் இத்தகைய கடனுக்குக் கையொப்பமிட வேண்டாம் என்றே சொல்வோம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள பிணக்குகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

எந்த ஊர்க் குறைதீர்ப்பாளர் என்பதில் எல்லையோர மக்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. அறுவை கோவையில் நடந்தது. அதனால் சென்னைக்குச் செல்ல வேண்டுமோ என்று கேட்கிறார்கள். மருத்துவமனை இருக்கும் இடம் இதில் பொருட்டில்லை. முறையீட்டாளரின் வசிப்பிடமோ, நிறுவனத்தின் தொடர்புடைய கிளையோ எங்குள்ளது என்பதே கணக்கு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வசிப்போர்க்குக் கொச்சி அலுவலகம் உரியது. தேவையான ஆவணங்கள் யாவும் கிடைத்த மூன்று மாதத்திற்குள் தீர்ப்புரைக்க வேண்டும் என்பது விதி. அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் முறையீட்டாளருக்குச் செலுத்த நேரிடும். முறையீட்டாளருக்குத் தீர்ப்பு நிறைவளிக்கவில்லையெனில் அவர் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லத் தடையில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளரிடம் செல்ல இயலாது. எனவே வரிசை முக்கியம்.

ஒப்புதல் கிடைத்தாலும் செலவு அத்துடன் முடிவதில்லை என்பதைக் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். சிறுத்த இரைப்பையால் சத்துகளை முன்போல் ஈர்க்க இயலாது. பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி உயிர்ச்சத்து முதலியவற்றை வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பாலிசி தருவது வீடு திரும்பிய பின் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள்களுக்கான செலவே. முதலாண்டில் பலமுறை கோவைக்கோ கொச்சிக்கோ சென்று வர வேண்டும். கம்பம்மெட்டிலிருந்தோ மறையூரிலிருந்தோ செல்வோருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. இவற்றிற்கெனக் காப்பீட்டைச் சாராத ஒரு தொடர் வைப்பை அறுவைக்கு ஆறு மாதம் முன்பே, எடைக் குறிப்புக் கோப்பைத் தொடங்கும் அதே மாதத்தில், தொடங்கிவிடலாம்.